ஓர் இரவுப் புகழும் ஒரு சிறுவனின் குரலும்

திறமை இருந்தால் போதும், இணையம் அதைத் தேடிக் கண்டெடுத்து உலகின் முன் நிறுத்திவிடும் என்னும் நம்பிக்கை இன்று கற்றவரிடமும் கல்லாதவரிடமும் ஒருங்கே வேரூன்றியிருக்கிறது. சான்று எங்கே என்று கேட்டால் உடனே சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று, மேசன் ரேம்சி என்னும் அமெரிக்கச் சிறுவனின் பெயர். பதினொரு வயதில் ஒரு கடைக்குள் நின்று பாடினான். அது காணொளியாகப் பரவியது. ஒரு மாதத்திற்குள் இசைத்தட்டு நிறுவனம் அவனை ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று தன் பெயரில் இசைத்தொகுப்பு வெளியிட்டிருக்கும் பாடகன் அவன். கதை இவ்வளவே என்பர். தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொண்டு, இடையில் உள்ள ஆறு ஆண்டுகளை உதறிவிட்டுச் சொல்லப்படும் கதை இது. அந்த ஆறு ஆண்டுகளையும் சேர்த்துப் படிப்போமாயின், புகழ் அவனை வளர்க்கவில்லை, அவன் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றது என்பது விளங்கும். இதுவே நாம் இங்கு வழக்காட விரும்பும் பொருள்.

முதலில் நடந்தவற்றைக் காண்போம். இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஒஹாயோ ஆற்றங்கரையில், கோல்கொண்டா என்றோர் ஊர் உண்டு. ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். ஐதராபாத்துக்கு அருகிலுள்ள நம் கோல்கொண்டாவின் வைரப் புகழ் கேட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயரைச் சூட்டிக்கொண்ட ஊர் அது. (வைரம் அங்கு விளைந்ததில்லை, பெயர் மட்டும் கப்பலேறிப் போயிருக்கிறது.) அவ்வூரில் தாத்தா பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவன் மேசன். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், அண்டை நகரமான ஹாரிஸ்பர்க்கில் உள்ள வால்மார்ட் கடையில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்பு வில்முடிச்சும் அணிந்து நின்று, ஹாங்க் வில்லியம்ஸ் புகழ்பெறச் செய்த 'லவ்சிக் புளூஸ்' என்னும் பாடலைப் பாடினான். காணொளி சில நாள்களில் இரண்டு கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அந்தப் பாடலின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும். அது 1922இல் கிளிஃப் ஃபிரெண்டு, இர்விங் மில்ஸ் என்னும் இருவரால் இயற்றப்பட்ட நாடகமேடைப் பாட்டு. எம்மெட் மில்லர் என்னும் மேடைப் பாடகர் அதைக் குரலை முறித்துப் பாடி 1925இலும் 1928இலும் இசைத்தட்டில் பதிந்தார். 1939இல் ரெக்ஸ் கிரிஃபின் அதைத் தனிக் கிதாரோடு பாடினார். அவர்களிடமிருந்து ஹாங்க் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டார். 1948 டிசம்பரில் சின்சினாட்டி நகரில் அவர் அதைப் பதிவு செய்ய முனைந்தபோது, அவருடைய தயாரிப்பாளரான ஃபிரெட் ரோஸ் 'இது ஒரு பாட்டா' என்னும் போக்கில் எதிர்த்து நின்றார். ஹாங்க் விடவில்லை. அடுத்த ஆண்டு அது 'கன்ட்ரி' என்று அமெரிக்கர் வழங்கும் இசைவகையின் தரவரிசையில் பதினாறு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1949 ஜூன் 11 அன்று நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' மேடையில் அவர் அதைப் பாடியபோது, மக்கள் திரும்பத் திரும்ப மேடைக்கு அழைத்தார்கள் என்பது அந்த இசையுலகில் இன்றும் பேசப்படும் செய்தி.

ஹாங்க் தாமும் சிறுவயதிலேயே கற்றவர்தாம். அலபாமா மாநிலத்தின் சிற்றூர்த் தெருக்களில் பாடித் திரிந்த ரூஃபஸ் பெய்ன் என்னும் கறுப்பினக் கலைஞர் அவருக்குக் கிதார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். நிறவெறி கோலோச்சிய நாளில், வெள்ளைச் சிறுவன் ஒருவன் கறுப்பினப் பாடகர் ஒருவரின் பின்னால் திரிந்து கற்ற கலை அது. அந்தக் கலையைத்தான் மேசனும், தான் வழிகாட்டியாகக் கொண்டிருந்த தாத்தாவின் நிழலில், கையளிப்பாகப் பெற்றுக்கொண்டான். இணையம் அவனுக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை. கடைக்குள் நுழைந்தபோதே பாட்டு அவன் தொண்டையில் இருந்தது.

'யோடல்' என்பது என்னவென்று அறியாதவர்க்கு ஒரு சொல். நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரலுக்கும் தலையில் ஒலிக்கும் மெல்லிய குரலுக்கும் இடையில் ஒரு முறிவு உண்டு. பயின்ற பாடகர் பெரும்பாலும் அந்த முறிவு கேளாதபடி மறைத்துப் பாடுவார். யோடல் பாடுபவரோ அதை மறைக்காமல், அந்த முறிவிலேயே பாட்டை நிறுத்திக் காட்டுவார். துயரப் பாட்டில் அது விம்மல்போல ஒலிக்கும். ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927 முதல் இசைத்தட்டுகளில் இதைப் பாடி நாடெங்கும் பரப்பினார். தற்செயலாக வந்து விழும் கோமாளித்தனம் அன்று இது. காதும் மூச்சும் ஒருங்கே பழகினால் அன்றிக் கைவராத வித்தை.

இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்திற்குள் இருந்தன. பார்த்தவர்களோ சிரித்தார்கள். பகையோடு சிரிக்கவில்லை, வாஞ்சையோடுதான் சிரித்தார்கள். நாம் அதை மறுக்கவில்லை. ஆயினும் அவர்கள் சிரித்தது எதற்காக? பெரிய இடைவாரும் கழுத்து முடிச்சும் அணிந்த ஒரு சிறுவன், தள்ளுவண்டிகள் போய்வரும் கடையில், வயது வந்தோரின் காதல் துயரைப் பாடுகிறான் என்னும் முரண்பாட்டுக்காகச் சிரித்தார்கள். அந்த விம்மலை மட்டும் சில நொடிகள் வெட்டியெடுத்து, அதன் கீழே நடனக்கூடத்து இயந்திரத் தாளத்தை ஒட்டி, ஆயிரம் வகையாகத் திருப்பிப் போட்டார்கள். பாட்டு போயிற்று, விக்கல்போல ஓர் ஒலி எஞ்சியது. அந்த ஒலிக்குச் சொந்தக்காரன் என்றே உலகம் அவனை அறிந்துகொண்டது.

பிறகு நடந்தவற்றை நாள்கணக்கில்தான் சொல்ல முடியும். ஏப்ரலில் எலன் டிஜெனரஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டான். அங்கே வால்மார்ட் நிறுவனத்தின் சார்பில் 15,000 டாலர் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டது. ஏப்ரல் 13 அன்று கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழாவில், மின்னிசைக் கலைஞர் ஒருவரின் நிகழ்ச்சியில் நிறுத்தப்பட்டான். மறுநாள் நாஷ்வில்லில் ஓப்ரி மேடை. ஏப்ரல் 27 அன்று முதல் பாடல் வெளியாயிற்று. அதன் பெயரே 'ஃபேமஸ்', அதாவது புகழ்பெற்றவன். பாட்டுக்கு முன்பே புகழ் வந்துவிட்டது என்பதை அந்தத் தலைப்பைவிடத் தெளிவாக நாம் சொல்லிவிட முடியாது.

ஓப்ரி மேடையில் ஒருமுறையேனும் பாடிவிட மாட்டோமா என்று ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்த பாடகர்கள் எத்தனை பேர்! மேசனுக்கு அது மூன்றே வாரத்தில் கிட்டியது. நல்லதுதானே என்று கேட்பவருக்கு நாம் சொல்வது இது: காத்திருக்கும் ஆண்டுகள் வீணான ஆண்டுகள் அல்ல. எந்தப் பாட்டு தன் குரலுக்குப் பொருந்தும், எது பொருந்தாது, கூட்டம் கலைந்து போகும்போது என்ன செய்வது என்பனவற்றை ஒரு பாடகன் கற்பது அப்போதுதான். அந்தப் படிப்பை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு, பட்டத்தை மட்டும் கையில் திணித்தார்கள்.

'ஃபேமஸ்' பில்போர்டு நூறு பாடல் பட்டியலில் 62ஆம் இடம் வரை சென்றது. பதினொரு வயதுச் சிறுவனுக்கு அது சிறிய வெற்றியன்று. ஆனால், கோடிக்கணக்கானோர் பார்த்த முகத்தோடு ஒப்பிட்டால், வேடிக்கை பார்த்தவர்களுள் பெரும்பாலோர் பாட்டுக் கேட்க வரவில்லை என்பதை அந்த எண்ணே சொல்கிறது. 2019இல், அவ்வாண்டு பத்தொன்பது வாரம் முதலிடத்தில் இருந்த 'ஓல்ட் டவுன் ரோடு' பாடலின் ஒரு மறுவடிவத்தில் அவனுக்கும் சில அடிகள் தரப்பட்டன. அதே ஆண்டு 'ட்வாங்' என்னும் சிறு தொகுப்பும் வந்தது. அதன்பின் ஆரவாரம் அடங்கியது.

ஏன் அடங்கியது? காரணம் இயற்கை. ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து குரல்வளை பெருக்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது. நேற்று முறிந்த இடத்தில் இன்று குரல் முறியாது. யோடல் பாடுபவனுக்கு முறிவின் இடமே முதலீடு. பாடகற்குழுக்களைப் பயிற்றுவோர் இந்தப் பருவத்தில் பையன்களை வருத்தாமல், தாழ்ந்த சுரங்களில் பாடவிட்டோ ஓய்வு தந்தோ பொறுத்திருப்பர். புதிய குரல் நிலைபெற ஓரிரு ஆண்டுகளேனும் ஆகும். நல்ல ஆசிரியருக்கு இது தெரியும். நல்ல தாத்தாவுக்கும் தெரியும். ஆனால் ஒரு காணொளியைக் கண்டு சிரித்த கூட்டத்திற்குத் தேவை அந்தப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனே. அவன் பதினான்கு வயதை அடைவது அவர்கள் கண்ணில் ஒரு குற்றம்போல ஆகிவிடுகிறது. வளர்வதையே தோல்வியாக ஆக்கும் இந்தப் புகழைக் கொடை என்று எப்படி அழைப்பது?

2022இல் அவன் ஒரு சான்ட்விச் கடையில் வேலை செய்கிறான் என்னும் செய்தி அதே இணையத்தில் வலம்வந்தது. 'பாவம், எங்கிருந்தவன் எங்கே வந்துவிட்டான்' என்று இரங்கியவர்களும் உண்டு. ஏளனம் செய்தவர்களும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஓய்வு நேரத்தில் உணவுக்கடையில் வேலை செய்து கைச்செலவுக்குச் சம்பாதிப்பது அமெரிக்காவில் மிகச் சாதாரணமான காரியம், மதிப்பான காரியமும்கூட. ரொட்டி அறுத்து உண்ணத் தருவது வீழ்ச்சி என்றும், விக்கல் ஒலியாக உலகம் சுற்றுவது உயர்வு என்றும் எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று நமக்கு விளங்கவில்லை. நமது எண்ணம் இதற்கு நேர்மாறானது. எவரும் வேடிக்கை பார்க்க அழைக்காத அந்த ஆண்டுகளில்தான் அவனுடைய புதிய குரல் அவனுக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். 2023இல் மீண்டும் பாடல்கள் வெளிவரத் தொடங்கின. 2024 செப்டம்பரில், பதினேழு வயதில், 'ஐ வில் சீ யூ இன் மை டிரீம்ஸ்' என்னும் அவருடைய முதல் முழுத் தொகுப்பு வந்தது. (இனி 'அவர்' என்றே எழுதுவோம், 'அவன்' என்று அழைக்கும் உரிமை உலகிற்கு முடிந்து போயிற்று.) இசைவாழ்வு என்று சொல்லத்தக்கது அங்கேதான் தொடங்குகிறது. அதன் பெருமையை 2018ஆம் ஆண்டின் காணொளிக்குக் கொடுப்பது, விளைச்சலின் பெருமையை வெள்ளத்திற்குக் கொடுப்பதை ஒக்கும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். குழந்தைகளை மேடையேற்றிக் காசு பார்ப்பது இணையத்தோடு வந்த வழக்கமா? கன்ட்ரி இசையில் அது தொன்றுதொட்டு நடப்பதுதானே? உண்மைதான். பிரெண்டா லீ 1956இல் டெக்கா நிறுவனத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினொன்றே. மேசனின் அதே வயது. முதலில் பாடியதும் அதே ஹாங்க் வில்லியம்ஸின் 'ஜம்பலாயா'. தந்தையை இழந்த குடும்பத்தை அந்தச் சிறுமியின் குரல் தாங்கியது. போதாக்குறைக்கு, அவருக்கு ஒன்பது வயது என்று நிறுவனம் இசைத்தட்டிலேயே பொய்யாக அச்சிட்டது. டான்யா டக்கர் 1972இல் 'டெல்டா டான்' பாடிப் பெயர் பெற்றபோது வயது பதின்மூன்று. லீஆன் ரைம்ஸ் 1996இல் பதின்மூன்று வயதில் புகழடைந்து, 2000ஆம் ஆண்டில், தம் வருமானத்தில் பெருந்தொகையை எடுத்துக்கொண்டதாகக் குற்றஞ்சாட்டித் தந்தைமீதே வழக்குத் தொடுத்தார். அது பின்னர்ச் சமரசத்தில் முடிந்தது. ஆகவே பழைய வழக்கம் புனிதமானது என்று நாம் சாதிக்க வரவில்லை.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பிரெண்டா லீயின் முதல் தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. பதின்மூன்று வயதில், 1958இல், அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாடலும் வந்த ஆண்டில் கவனம் பெறவில்லை. ஆயினும் ஓவன் பிராட்லி என்னும் தயாரிப்பாளர் அவரைக் கைவிடவில்லை. 1960இல்தான் 'ஐ ஆம் சாரி' முதலிடம் பெற்றது. நான்காண்டுகள் அந்தச் சிறுமி தோற்றுக்கொண்டே பாடினார். அதை உலகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஏனெனில் உலகத்திற்கு அவரைத் தெரியாது. தோல்வியை மறைவில் தோற்று முடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. குரல் முதிர்ந்தபின் புகழ் வந்தது. கவனிக்கப்படாத அந்தக் கிறிஸ்துமஸ் பாடல் 2023 டிசம்பரில், அவருடைய எழுபத்தெட்டாம் வயதில், பில்போர்டு பட்டியலின் முதலிடத்தில் அமர்ந்தது என்பது வேறு கதை. மேசனுக்கோ முதலில் புகழ்; பின்னர்க் குரல் மாற்றம்; ஒவ்வொரு தடுமாற்றமும் கோடிக் கண்களின் முன்.

சட்டங்கள் இருக்கின்றனவே என்பர். இருக்கின்றன. சார்லி சாப்ளினோடு 1921இல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தம் சம்பாத்தியம் கரைந்துவிட்டது கண்டு, 1938இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்காடினார். பல லட்சம் டாலர் சம்பாதித்தவருக்கு மிஞ்சியது 1,26,000 டாலர். அதன் விளைவாகக் கலிபோர்னியா 1939இல் சட்டம் இயற்றியது; இன்று அங்கே குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் விதிகள்படி, நடிக்கும், பாடும் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை அதன் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும். மேசனின் இல்லினாய் மாநிலமே, காணொளிகளில் தோன்றிப் பணம் ஈட்டித்தரும் பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பங்கு உறுதிசெய்யும் சட்டத்தை 2024 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம்.

இவற்றையெல்லாம் நாம் வரவேற்கிறோம். ஆனால், பணத்தையும் நேரத்தையும் எண்ணத் தெரிந்த சட்டத்திற்கு முகத்தை எண்ணத் தெரியவில்லை. இல்லினாய் சட்டம் காசுக்காகக் காணொளி எடுப்போரைப் பற்றியது. கடையில் ஒதுங்கி நின்று, ஒரு காசும் பெறாமல், வேடிக்கைக்காக ஒரு பிள்ளையைப் படமெடுத்துப் பரப்புபவரை அது தொடாது. அப்படிப் பரப்பியதை வெட்டி ஒட்டிச் சிரிப்பவரையும் தொடாது.

'காணொளி இல்லாவிடில் அவருக்கு ஒப்பந்தமே கிடைத்திருக்காது' என்று இறுதியாக ஒரு வாதம் வரும். கிடைத்திராமலும் போயிருக்கலாம்; ஒப்புக்கொள்கிறோம். கோல்கொண்டாவில் விடுமுறை நாள்களில் மட்டும் பாடும் ஒரு மனிதராகவே அவர் வாழ்ந்திருக்கவும் கூடும். அதைக் கேடு என்று சொல்பவர்கள், பாட்டு எதற்காக என்பதை நமக்கு விளக்கட்டும். நாஷ்வில் நகரம் அங்கிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. வளர்ந்தபின் தாமே வண்டியேறிப் போய்க் கதவைத் தட்டும் வழி அவருக்கு மூடியிருக்கவில்லை. தட்டியவர்களுள் பலருக்குத் திறக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் தட்டுவதா வேண்டாமா என்னும் முடிவு அவர் கையில் இருந்திருக்கும். பதினொரு வயதில் அந்த முடிவை அவருக்காக எடுத்தவர்கள் பெற்றோரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். முகம் தெரியாத ஒரு கூட்டம்.

மினசோட்டா மாநிலம் 2024இல் இயற்றி 2025 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பணத்துக்கான காணொளிப் பணியில் ஈடுபடுத்துவதையே அது தடுக்கிறது. வளர்ந்த பிள்ளை தான் தோன்றிய காணொளியை நீக்கும்படி கேட்கவும் வழிசெய்கிறது. நல்ல விதி. ஆனால் 2018இல் இத்தகைய விதி இல்லினாயிலும் இருந்திருப்பதாகவே கொள்வோம். பதின்மூன்று வயது மேசன் குரல் உடைந்து நின்ற நாளில், அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்டிருப்பான்? எடுத்தவர் ஒருவர், தாளம் சேர்த்துத் திருப்பிப் போட்டவர்கள் பல்லாயிரவர், பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்ட நாம் கோடிப்பேர்.